ஆடியில் அரைப்பட்டினி, ஆவணியில் விருந்து: வீட்டுச் செடிகளுக்கு உரம் கொடுக்கும் காலக்கணக்கு

வீட்டுக்குள் வளரும் மணிபிளான்ட், மான்ஸ்டெரா, பீஸ் லில்லி, அக்லோனிமா போன்ற செடிகளுக்கு எப்போது உரம் கொடுப்பது என்று தேடினால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: வசந்தத்திலும் கோடையிலும் கொடுங்கள், குளிர்காலத்தில் நிறுத்துங்கள். லண்டனில் இருப்பவருக்கு இது சரியான யோசனை. அங்கே டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, ஜூனில் பதினாறரை மணி நேரம் இருக்கும். வாளையாரிலும் பொள்ளாச்சியிலும் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். இரவுக் குளிரும் சமவெளியில் 20 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால், செடி சாப்பிடத் தயாராக இருக்கும்போது நிறுத்திவிட்டு, சாப்பிட முடியாதபோது ஊற்றுவோம்.

தமிழக–கேரள எல்லையோரத்தில் வீட்டுச் செடி மந்தமாகும் காலத்தை வெளிச்சம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே வெளிச்சம் குறைவது மார்கழியில் அல்ல, ஆனியிலும் ஆடியிலும்.

செடிக்கு உரம் எதற்கு

செடி தன் உணவை வெளிச்சத்தையும் காற்றையும் தண்ணீரையும் கொண்டு இலையில் தானே தயாரிக்கிறது. உரம் உணவு அல்ல. புது இலை, வேர், தண்டு கட்டுவதற்கு வேண்டிய தாது உப்பு. கட்டுமானம் நடக்கும்போது உப்பு வேண்டும். நடக்காதபோது கொடுத்தால் அது தொட்டி மண்ணிலேயே தங்கும். தரையில் நிற்கும் தென்னைக்கு மிச்ச உரம் மழையோடு கீழே போய்விடும். ஆறு அங்குலத் தொட்டியில் இருப்பது இரண்டு லிட்டருக்கும் குறைவான மண், அதில் மிச்சத்துக்குப் போக்கிடம் இல்லை.

உப்பு சேர்ந்தால் என்ன ஆகும்? மண்ணில் உள்ள நீரின் உப்பு கூடும்போது வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். மேலும் கூடினால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடும், இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் காயும். நல்ல எண்ணத்தோடு ஊற்றிய உரத்தால் செடி போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் மூன்று எண்கள் வரிசையாகத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) எத்தனை சதவீதம் என்று சொல்கின்றன. 19:19:19 என்றால் மூன்றும் 19 சதவீதம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து மட்டும். டிஏபியில் 18 தழைச்சத்து, 46 மணிச்சத்து. இலைக்காக வளர்க்கும் செடிக்கு உரக்கடையில் கிடைக்கும், தண்ணீரில் முழுதாகக் கரையும் 19:19:19 போதும். யூரியாவும் டிஏபியும் வயலுக்கு உரியவை. ஒரு சிட்டிகை என்று கையால் அள்ளிப் போடும்போது அளவு தப்புவது மிக எளிது.

அளவு: அரை கிராமை எப்படி நிறுப்பது

19:19:19 பாக்கெட்டில் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் என்று போட்டிருப்பது வயல் பயிரின் இலைத் தெளிப்புக்கான கணக்கு. வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு லிட்டருக்கு அரை கிராம் போதும். அதில் ஏறக்குறைய 95 பிபிஎம் (பத்து லட்சத்தில் 95 பங்கு) தழைச்சத்து இருக்கும், ஜன்னலோரச் செடிக்கு அதுவே தாராளம்.

அரை கிராமை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. ஆகவே தாய்க்கரைசல் தயாரிக்க வேண்டும். 10 கிராம் உரத்தை நகைத் தராசிலோ சிறிய டிஜிட்டல் தராசிலோ நிறுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மூடியுள்ள பாட்டிலில் வெயில் படாமல் வையுங்கள். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி ஒன்றைச் செடிக்கென்று ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். அந்தக் கரைசலில் 50 மில்லி எடுத்து ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்தால் அரை கிராம் கரைசல், 25 மில்லி எடுத்தால் கால் கிராம் கரைசல். இரண்டு வாரத்துக்குள் தீரும் அளவுக்கே தயாரியுங்கள். நாள்பட்டால் பாசி பிடிக்கும்.

ஊற்றும் முறையும் முக்கியம். காய்ந்த மண்ணில் உரக்கரைசலை நேராக ஊற்றக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண் நனைந்து அரை மணி நேரம் கழித்துக் கரைசலை ஊற்றுங்கள். ஆறு அங்குலத் தொட்டிக்கு 250 மில்லி, எட்டு அங்குலத்துக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அடித்துளை வழியே கொஞ்சம் வடிந்து தட்டில் நிற்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், திரும்ப உறிஞ்ச விடக் கூடாது.

ஸ்நேக் பிளான்ட், ஜிஜி பிளான்ட் இரண்டும் குறைவாகச் சாப்பிடுபவை. மற்ற செடிகளுக்குச் சொல்லும் இடைவெளியை இவற்றுக்கு இரட்டிப்பாக்குங்கள். மான்ஸ்டெரா, அரேகா பாம், நன்றாகப் பூக்கும் ஆந்தூரியம் ஆகியவை கேட்டு வாங்கிச் சாப்பிடும் ரகம். மற்றவை நடுவில் வரும்.

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது

பாலக்காடு, பொள்ளாச்சி அட்சரேகையில் சித்திரை முதல் வாரம் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆவணி இரண்டாம் வாரம் மறுபடி உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் வீட்டுக்கு வடக்கே இருக்கும். அந்த நாட்களில் தெற்கு ஜன்னலில் வைத்த செடிக்கு நேர் வெயில் கிடைக்காது. மார்கழியில் நிலைமை தலைகீழ். நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். காலையும் மாலையும் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து அறைக்குள் விழும்.

ஆக, தெற்கு ஜன்னல் செடிக்கு மார்கழி வெளிச்சமான மாதம், ஆடி இருண்ட மாதம். இதோடு மேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மலைக்கு மேற்கே ஆனி, ஆடியில் நாள் கணக்கில் மூடாக்கு, ஓட்டு வீட்டின் நீண்ட தாழ்வாரம், சிட்டவுட்டைச் சுற்றிக் கட்டிய தார்ப்பாய். அறை நடுவில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருக்கும் வீட்டில் செடி எதை வைத்து இலை கட்டும்?

எளிய சோதனை ஒன்று உண்டு. கடைசி நான்கு வாரத்தில் புது இலையோ முளையோ வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் உரம், வராவிட்டால் நிறுத்தம். இதற்கு விலக்கு ஒன்றுதான். நல்ல வெளிச்சத்தில், நல்ல வேரோடு, இரண்டு மூன்று ஆண்டாக உரமே காணாமல் வெளிறிப்போய் நிற்கும் செடி பசியால் நின்றிருக்கும், அதற்குக் கொடுக்கலாம்.

மாதக் கணக்கு

பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுச் சமவெளி 40 டிகிரியைத் தொடும். அறைக்குள் 35 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலான இலைச்செடிகள் நீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், வளர்ச்சி குறையும். தொட்டியும் விரைவில் காயும். காயக் காய உப்பு செறிவாகும். கால் கிராம் கரைசல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மாலையில். மேற்கு ஜன்னலில் வெந்து நிற்கும் செடிக்கு அதுவும் வேண்டாம், முதலில் இடத்தை மாற்றுங்கள்.

இரண்டு கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியதும் செடி விழித்துக்கொள்ளும். சித்திரைக் கடைசி முதல் வைகாசி வரை, தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னான இந்த இடைவெளி தொட்டி மாற்றுவதற்கு மிக நல்ல நேரம். கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி ஜூன் 1, அதாவது வைகாசி நடுப்பகுதி. மலையாளிகள் இடவப்பாதி என்பது இதைத்தான். தொட்டி மாற்றிய செடிக்கு ஐந்து வாரம் உரம் வேண்டாம். அறுபட்ட வேருக்கு உப்பு எரிச்சல், புது மண்ணில் சேர்த்த மண்புழு உரமே போதும். தொட்டி மாற்றாத செடிக்கு அரை கிராம் கரைசலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

ஆனி, ஆடியில் மலை இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடுகிறது. மேற்குப் பக்கம், அதாவது பாலக்காட்டு நகரம், ஆரியங்காவு, புனலூர் போன்ற இடங்களில் தொட்டி மண் பத்து நாளானாலும் காயாது. வேருக்குக் காற்று குறைவு, வெளிச்சமும் குறைவு. இந்த நேரத்தில் மாதம் ஒருமுறை கால் கிராம் போதும், அறை இருட்டாக இருந்தால் அதுவும் தேவையில்லை. கிழக்குப் பக்கம் கதை வேறு. கொழிஞ்சாம்பாறை, ஆனைமலை, உடுமலை, கம்பம் பக்கம் மேகம் ஓடும், மழை கொஞ்சம், காற்று மட்டும் விடாது. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று தொட்டியை மூன்று நாளில் காயவைத்துவிடும். அங்கே அரை கிராம் கரைசலை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம், செடியைக் காற்று நேராக அடிக்காத மூலைக்கு நகர்த்திவிட்டு. செங்கோட்டையும் குற்றாலமும் கிழக்கே இருந்தாலும் சாரல் பெறுவதால் மேற்குப் பக்கக் கணக்கில்தான் வரும்.

ஆவணி முதல் ஐப்பசி நடுவரைதான் வீட்டுச் செடிக்கு விருந்துக் காலம். வெயில் திரும்பும், காற்றில் ஈரம் இருக்கும், இரவு கதகதப்பு குறையாது. மான்ஸ்டெராவின் வெட்டுவிழுந்த பெரிய இலைகளும் மணிபிளான்டின் நீண்ட கொடிகளும் இப்போது வரும். அரை கிராம் கரைசலை 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். மண்புழு உரம் மேலே தூவுவதற்கும் இதுவே நேரம்: எட்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி, மேல் மண்ணைக் கிளறி அதில் கலந்துவிட வேண்டும்.

ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு இடைவெளியை 20 நாளாக நீட்டினால் போதும். பால்கனியில் மழை நேராக விழும் தொட்டியில் கரைசல் ஊற்றுவது காசைச் சாக்கடையில் கொட்டுவது. அங்கே மெதுவாகக் கரையும் உருண்டை உரம் பொருந்தும்.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். உதடு வெடிக்கும் அதே காற்றில் கலாத்தியாவின் ஓரமும் சுருளும். வெயில் கிடைக்கும் தெற்கு, கிழக்கு ஜன்னல் செடிக்கு அரை கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நடுவில் வெறும் தண்ணீர் தாராளமாக. வடக்கு ஜன்னல் செடிக்குக் கால் கிராம். முழு நிறுத்தம் தேவையில்லை. மாசியில் இரண்டு வார இடைவெளிக்குத் திரும்பிவிடலாம்.

மூணாறும் வால்பாறையும் இந்தக் கணக்கில் சேராது. மூணாற்றில் ஜனவரி இரவுகள் சில ஆண்டுகளில் பூஜ்யத்துக்கே இறங்குகின்றன. இரவு 15 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் உரத்தை நிறுத்துங்கள், மாசிக் கடைசியில் மீண்டும் தொடங்குங்கள். இன்னொன்று: 19:19:19-இன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மாற்றித் தந்தால்தான் அதன் பெரும்பகுதி செடிக்கு உதவும், குளிரில் அந்த வேலை மந்தமாகும். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு ஜன்னலில் இருக்கும் செடிக்குக் கால்சியம் நைட்ரேட் அதைவிட நல்லது. லிட்டருக்கு அரை கிராம், இரண்டு முறைக்கு ஒருமுறை 19:19:19 என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே தாய்க்கரைசலில் கலக்காதீர்கள். கால்சியமும் மணிச்சத்தும் சேர்ந்து வெள்ளை மண்டியாக அடியில் படிந்துவிடும், செடிக்கு இரண்டும் கிடைக்காது.

தண்ணீரும் ஒரு உரம்தான்

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கும் ஆழ்குழாய்த் தண்ணீர் வரும் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஆழ்குழாய் நீரிலேயே சுண்ணாம்பும் உப்பும் நிறைய. அதில் உரத்தைக் கரைத்தால் உப்பின் மேல் உப்பு. வீட்டில் ஆர்ஓ சர்வீஸ்காரர் வரும்போது குழாய்த் தண்ணீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 300-க்குக் கீழே என்றால் மேலே சொன்ன அளவுகள் பொருந்தும். 600-ஐத் தாண்டினால் உரத்தைப் பாதியாக்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவுங்கள். கழுவுவது என்றால் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, ஆறு அங்குலத் தொட்டிக்கு நான்கு லிட்டர் அளவு, மெதுவாக ஊற்றி முழுதும் வடியவிடுவது. ஆனி மழையில் தொட்டியை ஒரு பகல் முழுக்க முற்றத்தில் வைத்தாலும் அதே வேலை காசில்லாமல் நடக்கும்.

ஆர்ஓ கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் பலர். அது வடிகட்டியில் ஒதுக்கப்பட்ட உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், தொட்டிக்கு மட்டும் வேண்டாம்.

கிழக்குப் பாலக்காட்டில் சில பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல். டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா ஆகியவற்றின் நுனி கருகுவதற்கு அதுவும் காரணமாக இருக்கும். உரத்தைக் குறைத்தும் நுனிக் கருகல் நிற்கவில்லை என்றால் மழைநீருக்கு மாறிப் பாருங்கள். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு கலந்திருக்கும், இந்தச் செடிகளுக்கு அது ஆகாது.

மழைநீரிலும் ஆர்ஓ நல்ல தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு. அதில் வேறு சிக்கல். 19:19:19-இல் கால்சியமும் மெக்னீசியமும் கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தேங்காய் நார்க்கழிவில் நட்டிருந்தால், அது வேறு இவ்விரண்டையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட தொட்டிக்கு மாதம் ஒருமுறை லிட்டருக்கு ஒரு கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), இன்னொரு நாள் லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் கொடுங்கள். நார்க்கழிவைப் பயன்படுத்தும் முன் மூன்று தண்ணீரில் அலசிப் பிழிவது கட்டாயம்.

புதிதாக வாங்கிய செடி

திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி நர்சரிகளிலிருந்து வாங்கிவந்த செடியின் மேல்மண்ணில் கடுகைவிடப் பெரிய, மஞ்சளும் பழுப்புமான உருண்டைகள் கிடக்கலாம். அழுத்தினால் உள்ளே தண்ணீர் மாதிரி கசியும், தோல் மட்டும் கையில் ஒட்டும். பூச்சி முட்டை என்று பயந்து பொறுக்கி எறிபவர்கள் உண்டு. அது மெதுவாகக் கரையும் உரம், ஆஸ்மோகோட் போன்றவை. அது இருக்கும்வரை, குறைந்தது இரண்டு மாதம், வேறு உரம் தேவையில்லை.

இந்த உரத்தை நீங்களே வாங்கிப் போடுவதானால் ஆறு அங்குலத் தொட்டிக்கு அரை டீஸ்பூன். பெட்டியில் 'நான்கு மாதம்' என்று எழுதியிருப்பது 21 டிகிரி வெப்பத்தில் போட்ட கணக்கு. உருண்டையின் தோல் சூட்டில் வேகமாகக் கசியும் என்பதால் நம் ஊரில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். பங்குனி வெயிலில் ஒரேயடியாகக் கசிந்து வேரைச் சுடவும் செய்யும். ஆகவே அதைப் போடும் மாதம் ஆவணி அல்லது ஐப்பசி.

இலை சொல்லும் சேதி

அடி இலை முழுதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. செடி பழைய இலையிலிருந்து சத்தைப் பிடுங்கிப் புதுத் தளிருக்கு அனுப்புகிறது. ஆனால் அதற்கு முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று ஈரமும் புளித்த வாடையும் இருந்தால் வேர் அழுகுகிறது. ஆடி மாதத்து மஞ்சள் இலைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதற்கு உரம் ஊற்றினால் மிச்ச வேரும் போகும். பழைய இலையில் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மட்டும் வெளிறினால் மெக்னீசியம். அதே அறிகுறி புதுத் தளிரில் வந்தால் இரும்பு. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அதிகம், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. வேர் எளிதில் எடுக்கக்கூடிய கீலேட் வடிவ இரும்பை லிட்டருக்கு அரை கிராமுக்கு மிகாமல் கரைத்து ஊற்றினால் அடுத்த தளிர் பச்சையாக வரும், வெளிறிய இலை முழுதாகத் தேறாது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலமும் இலை ஓரத்தில் கருகலும் சேர்ந்து வந்தால் உப்பு மிகுதி. படலம் பிடித்த மேல்மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவி, ஆறு வாரம் உரத்தை நிறுத்துங்கள்.

ஆந்தூரியமும் பீஸ் லில்லியும் பூக்கவில்லை என்று மணிச்சத்து மிகுந்த 0:52:34-ஐ ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. பூக்காததற்குப் பெரும்பாலும் வெளிச்சக் குறைவே காரணம். மணிச்சத்து மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாமல் போகும்.

சமையலறை உரங்கள்

அரிசி கழுவிய நீரை அன்றே ஊற்றினால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூள் எறும்பைக் கூப்பிடும். முட்டை ஓடு மக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். கடலைப் பிண்ணாக்குக் கரைசல் நல்ல உரம்தான், ஆனால் மொட்டைமாடிச் செடிக்கு. வீட்டுக்குள் ஊற்றினால் இரண்டு நாள் வாடை நிற்கும், மண்ணில் சின்னக் கொசு போன்ற ஈக்கள் பெருகும். வேப்பம் பிண்ணாக்கை எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி மண்ணோடு கலக்கலாம், ஆடியில் மட்டும் வேண்டாம். ஈர மண்ணில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை படரும். செடியைக் கொல்லாது, பார்க்கச் சகிக்காது.

பாக்கெட்டைப் பாதுகாப்பது

பிரித்த 19:19:19 பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் மழைக்காலக் காற்றில் ஈரம் இழுத்துக் கல்லாகிவிடும். வாய் இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், பெயரும் வாங்கிய மாதமும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல், சமையல் சாமான்களோடு சேராமல் வையுங்கள். கட்டியானது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. பொடித்து நிறுத்தால் ஈரத்தின் எடையும் சேர்ந்து சத்து கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். கரைத்தபின் அடியில் மண்டி நின்றால் தெளிவை மட்டும் இறுத்து எடுத்துக்கொண்டு, மண்டியை வாசல் தென்னையின் தூரில் ஊற்றிவிடலாம்.